நாங்கள் கணிப்பொறி வாங்கிய கதை

மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கடினமான காரியம் ஒன்று இவ்வுலகில் உண்டென்றால், அது முப்பதாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கணிப்பொறி பார்ப்பதுதான். மாப்பிள்ளையைப் பற்றியாவது ஊரில் விசாரிக்க நாலு பேர் இருப்பார்கள். கணிப்பொறியைப் பற்றி விசாரித்தால் நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள். அவர்களில் ஒருவர் தம் வீட்டுப் பரண்மேல் கிடக்கும் பழையதை நம் தலையில் கட்டப் பார்ப்பார். 2024 ஆம் ஆண்டு மே மாதம், முதலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு நான் இந்தப் படலத்தில் இறங்கினேன். அன்று பட்ட பாட்டைத் தோழியரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. "மலரில் எழுதித் தொலையேன், எங்கள் காதாவது பிழைக்கும்" என்றார்கள். எழுதுகிறேன்.

முதலில் பணம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். அம்மா தையல் வேலை செய்கிறார். மாதாமாதம் கட்டிய சீட்டு அந்த மே மாதம் முடிந்து முப்பதாயிரம் கைக்கு வந்தது. அடகில் இருக்கும் தம் தோட்டை மீட்பதற்கென்றே அம்மா அந்தச் சீட்டில் சேர்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் சில்லறை குறையத் தொடங்கியது. பத்து, இருபது, பிறகு ஒரு நாள் நூறு. எடுத்தவன் என் தம்பி. பதினோராம் வகுப்பு முடித்திருந்தான். பேருந்து நிலையத்தின் பின்னால் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கணிப்பொறியில் விளையாட விடும் நிலையம் ஒன்று உண்டு. பணமெல்லாம் அங்கே போயிருந்தது. அம்மா அடித்தார். அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இரவு, காஜா எடுத்துக்கொண்டே அம்மா சொன்னார்:

"எங்கியோ இருட்டு ரூம்ல போயி உக்காந்து வெளையாடறத வீட்லயே வெளையாடட்டும். ஒனக்கும் படிப்புக்கு ஆவும். தோடு எங்க ஓடிடப் போவுது?"

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. ஒன்றைப் பெறுவதற்காக நாம் விடுகின்ற மற்றொன்றே அதன் உண்மையான விலை என்று முதலாண்டுப் பொருளியல் பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதிவிட்டு வந்தவள் நான். ஆனாலும் கணிப்பொறி என்றதும் எனக்கும் ஆசை முந்திக்கொண்டது. தமிழ்த் தட்டச்சு தெரியும்; வீட்டிலேயே ஒரு பொறி இருந்தால் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுத்து நாலு காசு பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதல்லவா, அதில் மிச்சம் பிடித்த ஆறாயிரத்தையும் சேர்த்தேன். ஆக, 36,000.

"லேப்டாப்பே வாங்கிடேன்" என்றவர்கள் பலர். 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில் அத்தை மகள் பெற்ற பொறியை நான் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் உழைத்த பிறகு, திரையின் கீல் உடைந்து, சுவரில் சாய்த்துவைத்தால்தான் நிற்கும் நிலைக்கு வந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மடிக்கணிப்பொறியில் ஒன்று கெட்டால் எல்லாம் கெட்ட மாதிரி. மேசைக் கணிப்பொறியில் கெட்டதை மட்டும் கழற்றி மாற்றலாம். பணம் வரும்போது ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்ளலாம். அத்துடன் இந்த விலைக்குக் கிடைக்கும் மடிக்கணிப்பொறியில் விளையாட்டு ஓடாது, நகரும். மேலும் மடிக்கணிப்பொறி ஒருவர் மடிக்கு உரியது. எங்களுக்கு வேண்டியது வீட்டுக்கு உரியது.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். பக்கத்து நகரத்தில் ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் நீலமும் பச்சையுமாய் விளக்குகள் சுழல, திருவிழாப் பந்தல் மாதிரி ஒரு கணிப்பொறி நின்றது. "ஐ7 கேமிங் செட், மானிட்டரோட பதினேழாயிரத்து ஐந்நூறு" என்றார் கடைக்காரர். அந்த விலைக்கு ஐ7! தோட்டில் பாதியையாவது மீட்டுவிடலாம் என்று மனம் துள்ளியது. ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு, ஏதோ மாம்பழம் மலிவாய்ப் பிடித்த மகிழ்ச்சியில் வீடு வந்தேன்.

மறுநாள் நம் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஐ7 க்குப் பிறகு என்ன எண் போட்டிருக்கிறது அம்மா?"

எண்ணா? எனக்கென்ன தெரியும்! திரும்பிப் போய்க் கேட்டேன். கடைக்காரர் தயங்கித் தயங்கி 2600 என்றார். அது 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த செயலி. நான் முதல் வகுப்பில் சேர்ந்த ஆண்டு அது. இன்டெல் செயலிகளில் ஐ3, ஐ5, ஐ7 என்பது குடும்பப் பெயர் போன்றது; அதற்குப் பின் வரும் எண்தான் எந்தத் தலைமுறை என்று காட்டிக்கொடுக்கும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. புதிய தலைமுறையின் ஐ3, பழைய தலைமுறையின் ஐ7 ஐ எளிதில் தோற்கடித்துவிடும். உள்ளே செருகியிருந்த கிராபிக்ஸ் அட்டையோ 2014 இல் வந்த ஜிடி 730. புதிதாக இருந்தவை பெட்டியும் விளக்குகளும் மட்டுமே.

விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடியும் என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் முன்பே அறிவித்திருந்தது. அப்படியே முடிந்தும் போயிற்று. விண்டோஸ் 11 ஐ முறைப்படி நிறுவ இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆகவே நான் வாங்கவிருந்தது ஒன்றரை ஆண்டில் வாசற்படிக்கு வெளியே நிற்கப் போகும் பொறி. முன்பணத்தைக் கேட்டேன். "பணமாத் தர்ற பழக்கம் இல்லம்மா, பொருளா எடுத்துக்கோங்க" என்றார். ஒரு விசைப்பலகையும் எலியும் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த விசைப்பலகையில்தான் இக்கட்டுரையைத் தட்டுகிறேன். இடவெளி விசையை இடப்பக்கம் அழுத்தினால் வேலை செய்யாது.

அதன் பிறகு அந்தப் பேராசிரியர் மாலை வேளைகளில் ஆய்வகத்தின் பின்பக்க மேசையில் எனக்குப் பாடம் நடத்தினார். அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். திரைப்படம் என்பது ஒரு நொடிக்கு 24 படங்கள். கண் அதையே ஓட்டம் என்று நம்பிவிடுகிறது. விளையாட்டில் அந்தப் படங்களை யாரும் முன்பே எடுத்து வைத்திருக்கவில்லை. நாம் விசையைத் தட்டத் தட்டப் பொறி அப்போதைக்கப்போது வரைந்து கொடுக்க வேண்டும். நொடிக்கு 30 படம் வரைந்தால் விளையாடலாம், 60 வரைந்தால் சுகமாக விளையாடலாம். இந்த வரைகிற வேலையைச் செய்வதுதான் கிராபிக்ஸ் அட்டை. ஆய்வேடு தட்டச்சு செய்ய அது வேண்டவே வேண்டாம். விளையாட்டுக்கோ அதுதான் உயிர்.

ஆக வழி இரண்டு. ஒன்று, ஐ3 12100எஃப் என்ற செயலியோடு தனியாக ஜிடிஎக்ஸ் 1650 அட்டை வாங்குவது. விளையாட்டுக்கு அதுவே மேல். ஆனால் அட்டை மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். பெயரின் கடைசியில் இருக்கும் 'எஃப்' என்ற எழுத்தைப் பேராசிரியர் இரண்டு முறை அடிக்கோடிட்டார். அந்த எழுத்து இருந்தால் செயலிக்குள் படம் வரையும் பகுதி இல்லை என்று பொருள். தனி அட்டை இல்லாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது. விலை குறைவு என்று எஃப் வாங்கிவிட்டு வெறுந்திரையைப் பார்த்து விழித்தவர்கள் பலராம். மற்றொன்று, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி. 2021 இல் வந்தது, ஆறு கருக்கள், ஓரளவுக்கு வரையத் தெரிந்த பகுதியும் உள்ளேயே உண்டு. இப்போது இதை வாங்கு, பிற்பாடு வசதி வந்தால் அட்டையைச் சேர்த்துக்கொள் என்றார். கட்டும்போதே மாடிக்குக் கம்பி விட்டு வைப்பது நம் ஊர் வழக்கமாயிற்றே. எனக்கு உடனே புரிந்தது.

நினைவகத்தில் அவர் சொன்ன நுட்பம் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. உள்ளேயே வரையும் செயலிக்குத் தனி நினைவகம் கிடையாது. பொதுவான ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். எனவே 16 ஜிபியை ஒரே பட்டையாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு பட்டைகள் வாங்க வேண்டும். டிடிஆர்4 3200 வகையில் ஒரு பட்டையானால் நொடிக்கு 25.6 ஜிபி போகும் பாதை, இரண்டானால் 51.2. கிணற்றில் தண்ணீர் ஒன்றுதான், ஆனால் ஒரு வாளிக்கும் இரண்டு வாளிக்கும் வேறுபாடு இல்லையா? தட்டச்சு செய்பவளுக்கு இது தெரியவே தெரியாது. விளையாடுகிறவனுக்கு உடனே தெரிந்துவிடும்.

சேமிப்புக்குப் பழைய சுழல்தட்டு வேண்டாம், எஸ்எஸ்டி போதும் என்பதில் பேச்சே இல்லை. இசைத்தட்டில் முள்ளை நகர்த்திப் பாட்டைத் தேடுவதற்கும் மனத்தில் உள்ள பாட்டை நினைத்த மாத்திரத்தில் பாடுவதற்கும் உள்ள தூரம் அது. பேராசிரியர் கடைசியாகக் கண்டிப்புடன் சொன்னது மின்வழங்கியைப் பற்றி. கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்பார்களே, அதுதான். பெட்டியோடு இலவசமாகவும் எழுநூறு ரூபாய்க்கும் கிடைக்கும். "எல்லாவற்றிலும் சிக்கனம் பார், சோற்றில் மட்டும் கல் இருக்கக் கூடாது" என்றார். அது கெட்டால் தான் மட்டும் சாவதில்லை, சமயத்தில் மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

தம்பியை அழைத்துக்கொண்டு விழுப்புரத்தில் ரயிலேறினேன். சண்டைக்குப் பிறகு அவன் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. செங்கற்பட்டு தாண்டும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். எழும்பூரில் இறங்கி, அண்ணா சாலைக்கு அருகே ரிச்சி தெருவுக்குள் நுழைந்தோம். தெருவா அது! மனிதர்கள், மிதிவண்டிகள், தலைச்சுமையாய் மானிட்டர் பெட்டிகள், தரையில் பரப்பிய கம்பிச் சுருள்கள், "என்ன வேணும் மேடம், என்ன வேணும்" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைக்கும் பையன்கள். நான் பேராசிரியர் எழுதித்தந்த தாளை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான்காவது கடையில் பேச்சு படிந்தது. அதற்குள் அந்தக் கடைக்காரர், விலை இன்னும் குறையும் என்று பழைய வகை மதர்போர்டு ஒன்றை எடுத்து வைத்தார். அதுவரை வாய் திறவாத தம்பி மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, இது பி450 தான? இதுல பயாஸ் அப்டேட் பண்ணியிருக்கா? பண்ணலன்னா 5600ஜி ஆன் ஆவாதே."

கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "பண்ணணும் சார்" என்றார். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்றதற்காக வீட்டில் யாரும் மதித்துப் பேசாத பையனை ஒருவர் 'சார்' என்றதை நான் அன்றுதான் கேட்டேன். அதன்பின் என் தாள் பைக்குள் போய்விட்டது. ஒரே பட்டை 16 ஜிபி தந்தால் முந்நூறு குறையும் என்றதற்கும், விளக்கு வைத்த பெட்டிக்கு மாறச் சொன்னதற்கும் அவனே மறுமொழி சொன்னான். விளக்குப் பெட்டியை ஒரு கணம் ஏக்கத்தோடு பார்த்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

செயலி 12,000, ஏ520 மதர்போர்டு 4,900, ரேம் இரண்டும் 3,300, 500 ஜிபி எஸ்எஸ்டி 3,100, 450 வாட் மின்வழங்கி 2,300, பெட்டி 1,700, 22 அங்குல மானிட்டர் 6,200. கூட்டினால் 33,500. பூட்டித் தந்ததற்கு 300. கையில் மிஞ்சிய 1,200 இல் ஆட்டோவும் சாப்பாடும் ரயிலும் போக எழுநூறு ரூபாயோடு ஊர் திரும்பினோம். வண்டியில் அவன் உட்காரவே இல்லை. மேலே சாமான் தட்டில் வைத்த பெட்டியை ஒரு கையால் பிடித்தபடியே நின்றுகொண்டு வந்தான்.

வீட்டில் அம்மா விளக்கேற்றி, பெட்டிக்குக் குங்குமம் வைத்தார். தம்பி பொத்தானை அழுத்தினான். விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தம் காதைத் தடவிக்கொண்டார். வேப்பங்குச்சி செருகியிருந்த அந்தத் துளையை நான் பார்க்காமலிருக்கப் பார்த்தேன். கடைக்குத் தொலைபேசினால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தம்பி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். "டேய், தொடாதடா!" என்று நான் கத்தினேன். அவன் மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு ரேம் பட்டைகளையும் கழற்றி, 'டக்' என்ற ஓசை வரும்வரை அழுத்திச் செருகினான். ரயில் குலுக்கலில் தளர்ந்திருந்தனவாம். திரை விழித்தது. அம்மா அவன் தலையில் கை வைத்தார். அவன் தலையை நகர்த்திக்கொள்ளவில்லை.

மிஞ்சிய எழுநூறு ரூபாய்க்கும் அடுத்த நாளே செலவு வந்தது. பெட்டியின் தகட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுத்தது. பேராசிரியரிடம் ஓடினேன். மின்வழங்கிக்குள் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் சிறிதளவு மின்னோட்டத்தைப் பெட்டியின் உடலுக்குக் கசியவிடும். நிலத்திணைப்பு இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தொடுகிறவர் வழியாகப் போகும் என்றார். எங்கள் வீட்டுப் பிளக்கில் மூன்றாவது துளை அலங்காரத்துக்குத்தான் இருந்திருக்கிறது! எலக்ட்ரீஷியன் வந்து கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கிக் கம்பி இழுத்தார். கணிப்பொறி வாங்குவோருக்கு இதை யாரும் சொல்வதில்லை, விளம்பரத்திலும் வராது. என் தோழியர் வீடுகளில் பாதிக்கு இந்த இணைப்பு இல்லை என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

மின்கட்டணம் ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டம்மா அம்மாவைப் பயமுறுத்தினார். விளையாடும்போது மானிட்டரையும் சேர்த்து ஏறத்தாழ 120 வாட் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு மூன்று மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டைத் தாண்டாது. நூறு யூனிட் வரை நமக்கு இலவசம். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகே அம்மா சமாதானமானார்.

எல்லாக் கணக்கும் போட்ட நான் ஒன்றை மறந்தே போனேன். விண்டோஸ் தனியே விலைக்கு வாங்க வேண்டிய பொருள்! கடையில் 'சும்மா போட்டுத் தருகிறோம்' என்றார்கள். திருட்டுப் பிரதி வேண்டாம் என்று வீராப்பாக மறுத்துவிட்டேன். பிறகு விலையைப் பார்த்தால், ஏறத்தாழ இன்னொரு செயலி வாங்கலாம். ஆகவே இலவசமான லினக்ஸ் போட்டோம். எனக்குக் குறையே இல்லை. தமிழ்99 விசைப்பலகை அதில் அருமையாக இருக்கிறது, லிப்ரே ஆபீசில் ஆய்வேடுகள் அழகாக வருகின்றன. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஓடியது. ஜிடிஏ 5 உம், அளவான அமைப்பில், அறுபதைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. ஆனால் தம்பி உயிராய் விளையாடும் வேலரண்ட் மட்டும் லினக்ஸில் ஓடாது. ஏமாற்றுவோரைப் பிடிக்க அது வைத்திருக்கும் காவல் நிரல் விண்டோசில்தான் இயங்கும்.

விளைவு என்னவென்றால், எந்த நிலையத்துக்கு அவன் போகக் கூடாதென்று தோட்டை விட்டுக்கொடுத்தோமோ, அந்த நிலையத்துக்கு அவன் சனிக்கிழமை தோறும் போனான். ஒரே வேறுபாடு, அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். பழைய பொறி வேண்டாம் என்பதற்கு நான் முழங்கிய விண்டோஸ் காரணமும் லினக்ஸ் போட்ட அன்றே கரைந்துவிட்டது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். பேராசிரியரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது நான் மூன்றாம் ஆண்டு. இதுவரை பதினொரு ஆய்வேடுகள் தட்டச்சு செய்திருக்கிறேன். முதல் வருமானத்தில் 600 விஏ யூபிஎஸ் வாங்கினேன். மின்தடையில் ஒரு முழு இயலும் அழிந்துபோன அன்று அழுத அழுகை அப்படி. மீதியில் மாதாமாதம் தோட்டுக்கு வட்டி கட்டுகிறேன். அசல் அப்படியே இருக்கிறது. தம்பி பன்னிரண்டாம் வகுப்பு தேறி, பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறான். தெருவில் யார் வீட்டுக் கணிப்பொறி கெட்டாலும் திருப்புளியோடு கிளம்பிவிடுகிறான்; கூலி வாங்குவதில்லை என்பது அம்மாவின் குறை.

கிராபிக்ஸ் அட்டை வாங்கலாமா என்று சென்ற மாதம் விசாரித்தோம். 2025 இன் பின்பாதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறிக்கொண்டே போகிறது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரும் கணிப்பொறிக் கூடங்கள் அவற்றை வாரிக்கொண்டு போகின்றனவாம். நாங்கள் 3,300 க்கு வாங்கிய ரேம் பட்டைகள் இரண்டும் இன்று இரு மடங்குக்கும் மேல் விலை சொல்கிறது. இரவுச் சாப்பாட்டின்போது தம்பி இதை அம்மாவிடம் வியப்பாகச் சொன்னான்.

அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அப்டின்னா அத வித்துட்டு தோட்ட மீட்டுக்கலாமாடா?" என்று கேட்டார்.

தம்பி தட்டோடு எழுந்து போய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டான்.